பென்சிலோடு படிக்க வேண்டிய காதல் கதை: 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' முதல்முறை வாசகருக்கு

ஜேன் ஆஸ்டினின் இந்த ஆங்கில நாவலை இரண்டு முறை பாதியில் மூடி வைத்தவன் நான். இரண்டு முறையும் இடறிய இடம் ஒன்றுதான்: பத்தாம் அத்தியாயம். பிங்லி என்ற பணக்கார இளைஞன் குடியிருக்கும் நெதர்ஃபீல்ட் மாளிகையின் வரவேற்பறையில் அவன் சகோதரி மிஸ் பிங்லி பியானோ வாசிக்கிறாள். பிங்லியின் நண்பன் டார்சி மெல்ல நெருங்கி வந்து, "மிஸ் பென்னட், இந்த இசைக்கு ஒரு ரீல் நடனம் ஆடலாம் என்று தோன்றவில்லையா?" என்கிற பாணியில் ஒன்று கேட்கிறான். மிஸ் பென்னட் என்றால் பென்னட் வீட்டுப் பெண்களில் மூத்தவள் ஜேன் என்று அப்போதுதான் கஷ்டப்பட்டு மனதில் ஏற்றியிருந்தேன். ஜேனோ மாடியறையில் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். பிறகு இவன் யாரிடம் கேட்கிறான்? அச்சுப் பிழை என்று நினைத்தேன். நாலு பக்கம் தள்ளிப்போய் இன்னும் குழம்பி, புத்தகத்தை மூடினேன்.

மூன்றாவது முறை பென்சிலும் ஒரு பழைய நோட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த முறை முடித்ததோடு நிற்கவில்லை, மறுநாளே திரும்ப முதல் பக்கத்தைத் திறந்தேன். என்ன செய்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஆங்கிலத்தில் செய்தித்தாள் படிக்க முடிகிறவருக்கு இந்த நாவல் எட்டாத உயரம் கிடையாது.

முதல் படி: பிரதி

காசு செலவழிக்க வேண்டியதில்லை. காப்புரிமை தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் 1342ஆம் எண் புத்தகம் இதுதான், இலவசம். காதால் கேட்க விரும்பினால் லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவம் உண்டு.

ஒரு சின்னச் சிக்கல். மொத்தம் 61 அத்தியாயங்கள். ஆனால் 1813 ஜனவரி 28 அன்று லண்டனில் எகர்டன் பதிப்பகம் இதை மூன்று பாகங்களாகத்தான் வெளியிட்டது. சில பதிப்புகள் இன்றைக்கும் பாகத்துக்குப் பாகம் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. உங்கள் கையில் இருப்பது அப்படியானால், நான் சொல்லும் 24ஆம் அத்தியாயம் உங்களுக்கு இரண்டாம் பாகம் முதல் அத்தியாயம். 43 என்பது மூன்றாம் பாகம் முதல் அத்தியாயம். பெரும்பாலான அத்தியாயங்கள் சின்னவை. நாளுக்கு மூன்று என்று வைத்தால் மூன்று வாரத்தில் முடியும்.

முன்னுரையைப் படிக்காதீர்கள். பேராசிரியர்கள் எழுதும் முன்னுரைகள் முழுக்கதையையும் முதல் மூன்று பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடும். முன்னுரையிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல், அதை நானே சொல்லிவிடுகிறேன். ஜேன் ஆஸ்டின் இதன் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கியது 1796 அக்டோபரில், 20 வயதில். கதாநாயகி எலிசபெத்துக்கும் அதே வயது. அப்போது வைத்த தலைப்பு 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்', அதாவது பார்த்தவுடன் மனதில் விழும் அபிப்பிராயம். 1797 நவம்பரில் அவருடைய அப்பா லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துப் பிரதியை அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே பதில் வந்துவிட்டது, பிரதியைப் பார்க்கக்கூட இல்லை. பதினைந்து வருஷம் கழித்து, திருத்தி, தலைப்பை மாற்றி வந்ததுதான் இன்று நாம் படிப்பது. முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது. முந்தைய நாவலைக் குறிப்பிட்டு 'அதை எழுதியவர்' என்று மட்டும் இருந்தது. மொத்த உரிமைக்கும் அவருக்குக் கிடைத்த தொகை 110 பவுண்டு.

கைவிட்ட அந்தப் பழைய தலைப்பை மறக்காதீர்கள். நாவலின் சாவி அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: நோட்டில் இரண்டு பத்தி

இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்றே சொல்வேன். ஒரு பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் 'நானே பார்த்தது'. வலப்பக்கம் 'யாரோ சொன்னது'. டார்சி, பிங்லி, பின்னால் வரும் இளம் படை அதிகாரி விக்கம் என்று மூன்று ஆண்களுக்கும் ஆளுக்கொரு பக்கம். கதையில் அவர்கள் செய்வதை நீங்கள் நேரே கண்டால் இடப்பக்கம். அவர்களைப் பற்றி ஊர்க்காரர், சொந்தக்காரர், வேலைக்காரர், எதிரி, அவர்களே கூட, வாயால் சொன்னால் வலப்பக்கம், சொன்னவர் பெயரோடு. 3, 16, 23, 33 ஆகிய அத்தியாயங்களை முடித்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரித் தீர்ப்பு எழுதுங்கள். நல்லவன், கெட்டவன், முட்டாள், எதுவானாலும் பரவாயில்லை. பேனாவால் எழுதுங்கள், அழிக்க முடியாதபடி.

மூன்றாம் படி: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்

என்னைக் கவிழ்த்த இடம். விதி எளிது: வீட்டின் மூத்த மகள் மட்டும் வெறும் 'மிஸ் பென்னட்'. தங்கைகளுக்குப் பெயரும் சேரும்: மிஸ் எலிசபெத், மிஸ் மேரி, மிஸ் லிடியா. மூத்தவள் அந்த இடத்தில் இல்லையென்றால், இருப்பவர்களில் மூத்தவள் 'மிஸ் பென்னட்' ஆகிவிடுவாள். ஜேன் மாடியில் படுத்திருக்க, கீழே இருக்கும் எலிசபெத்துக்கு அந்தப் பட்டம் வந்துவிடுகிறது. டார்சி கேட்டது அவளிடம்தான்.

இன்னொன்று: யார் பேசுகிறார் என்று ஆஸ்டின் பல இடங்களில் சொல்லவே மாட்டார். முதல் அத்தியாயத்தில் திருமதி பென்னட்டும் கணவரும் பேசும்போது, பத்து வரிக்கு மேல் வெறும் மேற்கோள் குறிகளாகவே போகும். ஓரத்தில் பென்சிலால் 'அம்மா', 'அப்பா' என்று குறித்துக்கொண்டே போங்கள். ஐந்தாறு அத்தியாயத்துக்குப் பிறகு தேவைப்படாது. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நான்காம் படி: பணக்கணக்கு

காதல் கதை என்று நம்பி வந்தவர்கள் இங்கே கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். ஆஸ்டின் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது கண்ணின் நிறத்தைச் சொல்ல மறந்தாலும் மறப்பார், வருமானத்தைச் சொல்ல மறக்கமாட்டார். டார்சிக்கு வருஷம் 10,000 பவுண்டு. பிங்லிக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் என்று பேச்சு. பெண்ணின் அப்பா பென்னட்டுக்கு 2,000. ஆனால் அவருடைய நிலம் ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும் என்று எழுதிக் கட்டிவைத்த சொத்து. ஐந்தும் பெண்கள். ஆகவே அவர் கண்ணை மூடினால் வீடு முதற்கொண்டு எல்லாம் காலின்ஸ் என்ற தூரத்து உறவினருக்கு. பெண்களுக்கு மிஞ்சுவது, அம்மாவின் காலத்துக்குப் பிறகு, தலைக்கு ஆயிரம் பவுண்டு. நாலு சதவீத வட்டியில் அது வருஷத்துக்கு 40 பவுண்டு.

இதை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். அன்றைய பவுண்டை இன்றைக்கு மாற்ற ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒன்றும் புரியாது. 10,000, 2,000, 40 என்ற மூன்று எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள், போதும். பெண்ணுக்கு வரன் பார்க்கத் துடிக்கும் திருமதி பென்னட்டை எல்லாரும் கேலி செய்வார்கள், ஆசிரியர் உட்பட. அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்தபின் எனக்கு அவரைக் கேலி செய்யக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கத்துகிறார், மானத்தை வாங்குகிறார், எல்லாம் சரி. அந்த வீட்டில் கணக்குத் தெரிந்து பயப்படுகிற ஒரே ஆளும் அவர்தான். கணவரோ நூலகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நகைச்சுவையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் படி: ஊர்வாயைப் பிரித்தறிதல்

உலகப் புகழ்பெற்ற முதல் வாக்கியம் இருக்கிறதே, கைநிறையச் சொத்துள்ள பிரம்மச்சாரிக்குப் பெண்டாட்டி வேண்டியிருக்கும் என்பது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை என்று, அது ஆஸ்டினின் கருத்தே இல்லை. அது மெரிட்டன் என்ற அந்தச் சிற்றூரின் குரல். உண்மையில் தேவை யாருக்கு? வருஷம் 40 பவுண்டில் நிற்கப்போகிற பெண்களுக்கு. ஆசிரியர் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் சொல்வதை அப்படியே சொல்கிறார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மூடுவதற்குப் பதில் ஆஸ்டின் அதைப் பேச விட்டு வேடிக்கை பார்க்கிறார்.

மூன்றாம் அத்தியாயத்தில் இதை நெருங்கிப் பாருங்கள். நடன மண்டபத்துக்குள் டார்சி நுழைகிறான். ஐந்து நிமிஷத்துக்குள் 'வருஷம் பத்தாயிரம்' என்ற செய்தி மண்டபம் முழுக்கப் பரவிவிடுகிறது. உயரம், களை, கம்பீரம் என்று எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். எவ்வளவு நேரம்? ஆஸ்டின் கணக்காகச் சொல்கிறார்: பாதி மாலைப்பொழுது. அதற்குள் அவன் யாரோடும் ஒட்டாதவன் என்று தெரிந்துவிடுகிறது. உடனே அவன் முகமே சகிக்க முடியாததாக மாறிவிடுகிறது; டெர்பிஷயரில் அவனுக்கு உள்ள அத்தனை நிலமும் சேர்ந்தாலும் அந்த முகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அரை மாலையில் ஒரு மனிதனின் மூக்கும் முழியும் மாறுமா? மாறியது பார்த்தவர்களின் கண். இந்த மாதிரி வாக்கியம் வரும்போதெல்லாம் நோட்டில் வலப்பக்கம் 'ஊர்' என்று குறியுங்கள்.

அதே இரவில்தான் அந்தப் பிரசித்தமான அவமானம். ஆண்கள் குறைவு என்பதால் எலிசபெத் இரண்டு நடனத்துக்கு ஜோடியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு ஆடேன் என்று பிங்லி சொல்ல, டார்சி திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, சுமாராக இருக்கிறாள், என்னை இழுக்கிற அளவுக்கு அழகில்லை என்கிறான். அவள் காதில் விழுகிற தூரத்தில். இது இடப்பக்கம் எழுத வேண்டியது. நாமே பார்த்தோம், சந்தேகமில்லை. எலிசபெத் இதைத் தோழிகளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அந்தச் சிரிப்பை முழுசாக நம்பிவிடாதீர்கள்.

ஆறாம் படி: பழகும் முறையின் சட்டதிட்டம்

1800களின் தொடக்கத்து இங்கிலாந்தில், நிலபுலன் உள்ள குடும்பங்களில், ஆணும் பெண்ணும் பழகுவதற்கு ஏணிப்படிபோல் வரிசை இருந்தது. அது தெரியாமல் படித்தால் பாதி அதிர்ச்சிகள் நம்மைத் தொடாமலே போய்விடும்.

அறிமுகம் முதல் படி. பிங்லி குடிவந்த வீட்டுக்குப் பென்னட் போய் ஒரு மரியாதைச் சந்திப்பு நடத்தினால்தான் பெண்கள் அவனோடு பழக வழி பிறக்கும்; அதனால்தான் முதல் இரண்டு அத்தியாயமும் அப்பா போவாரா மாட்டாரா என்பதைப் பற்றியே. தன்னைவிட உயர்ந்த நிலையில் இருப்பவரிடம் தானே போய் அறிமுகம் செய்துகொள்வது பண்பற்ற செயல். 18ஆம் அத்தியாயத்தில் காலின்ஸ் நேராக டார்சியிடம் போய் நிற்கும்போது எலிசபெத்துக்கு ஏன் உடம்பு கூசுகிறது என்று இப்போது புரியும்.

அடுத்தது நடனம். ஒருவரோடு ஆடுவது என்றால் இரண்டு நடனம் சேர்ந்தாற்போல், சுமார் அரைமணி நேரம். பெரியவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தடையில்லாமல் பேசக் கிடைக்கும் அபூர்வமான நேரம் அது. பிங்லி முதல் இரவிலேயே ஜேனை இரண்டாம் முறையும் அழைத்தான் என்றால், மண்டபம் முழுக்கக் கவனித்துவிட்டது என்று அர்த்தம்.

கடிதம் வேறு விஷயம். நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. கதையின் நடுவில் ஒரு கடிதம் தபாலில் வராமல் கையில் கொடுக்கப்படும். காரணம் இதுதான்.

கடைசியில் 'கேட்பது'. நாவலின் முதல் கல்யாணக் கேள்வி 19ஆம் அத்தியாயத்தில் வருகிறது. கேட்பவர் காலின்ஸ், கேட்கப்படுபவள் எலிசபெத். எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் இதைவிடச் சிரிப்பான பக்கங்கள் குறைவு, வாய்விட்டுப் படியுங்கள். தான் ஏன் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்களை அடுக்குகிறார். அதில் பெண் இல்லை. காரணங்கள் தீர்ந்ததும், இனி என் அன்பின் வேகத்தை மிக உணர்ச்சிகரமான மொழியில் உறுதிப்படுத்துவதுதான் பாக்கி என்று அறிவிக்கிறார். அறிவிப்போடு சரி. அடுத்து நேரே அவளுக்கு வரப்போகும் ஆயிரம் பவுண்டுக்குப் போய்விடுகிறார். அவள் முடியாது என்கிறாள். அவருக்கு அது கேட்கவே இல்லை. நல்ல பெண்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்களாம். அம்மா கொதிக்கிறார், இவனைக் கட்டாவிட்டால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறார். அப்பா அமைதியாக, கட்டினால் நான் விழிக்கமாட்டேன் என்கிறார்.

நடுவே: சில சொற்கள்

அகராதியில் தேடாமல் புரிந்துவிட்டதாக நினைக்கும் சொற்கள்தான் ஆபத்து. 'மேக் லவ்' என்றால் அன்று தேனொழுகப் பேசுவது, அவ்வளவுதான். பின்னால் ஒரு மருமகனைப் பற்றி மாமனார், இவன் எங்கள் எல்லாரோடும் அதைச் செய்கிறான் என்று சொல்லும்போது திடுக்கிட வேண்டாம். 'கேண்டர்' என்றால் இன்று ஒளிவுமறைவற்ற பேச்சு. ஆஸ்டினிடம் அது பிறரைப் பற்றி நல்லபடியாகவே நினைக்கும் குணம். ஜேனுக்கு அது நிறைய. 'கண்டிசென்ஷன்' அன்று பாராட்டு: பெரிய இடத்தார் இறங்கிவந்து பேசும் தயவு. தன்னை ஆதரிக்கும் பெரிய இடத்துச் சீமாட்டி லேடி கேத்தரினிடம் அது இருப்பதாகக் காலின்ஸ் உருகுவார். அவர் உருகுவதைப் பார்த்தால் அந்தச் சொல் ஏன் பிற்பாடு கெட்டுப்போனது என்று விளங்கும்.

ஏழாம் படி: 'பிரைட்' என்பதற்கு ஓரத்தில் தமிழ் எழுதுங்கள்

தலைப்பை 'கர்வமும் முன்முடிவும்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு, கர்வம் டார்சிக்கு, முன்முடிவு எலிசபெத்துக்கு என்று பங்கு பிரித்துவிடுவது வழக்கம். எளிதாக இருக்கிறது, அதனாலேயே தப்பு.

தமிழ் படிப்பவருக்கு இங்கே ஒரு வசதி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கிடப்பதைத் தமிழ் தனித்தனிச் சட்டியில் போட்டு வைத்திருக்கிறது: பெருமை, பெருமிதம், குடிப்பெருமை, கர்வம், செருக்கு, இறுமாப்பு, தன்மானம், ரோஷம். நாவலில் அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும், இதில் எது பொருந்துகிறது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். ஐந்தாம் அத்தியாயமே போதும். குடும்பம், பணம், எல்லாம் இருக்கிறவன், டார்சிக்கு அது இருப்பதில் தப்பில்லை என்கிறாள் எலிசபெத்தின் தோழி ஷார்லட். அங்கே அது பெருமிதம். எலிசபெத் பதில் சொல்கிறாள்: அவன் என்னுடையதைப் புண்படுத்தாமல் இருந்திருந்தால், அவனுடையதை நான் எளிதில் மன்னித்திருப்பேன். ஒரே வாக்கியம், ஒரே சொல், இரண்டு பொருள். அவனுடையது இறுமாப்பு. அவளுடையது? நான் முதலில் 'தன்மானம்' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு 'ரோஷம்' என்று எழுதினேன். இன்றைக்கும் எது சரி என்று எனக்குள் வழக்கு நடக்கிறது. அதே அறையில் புத்தகப் புழுவான மேரி, பிரைட் என்பது நம்மைப் பற்றி நாமே நினைப்பது, வேனிட்டி என்பது பிறர் நம்மைப் பற்றி நினைக்க வேண்டும் என்று நாம் விரும்புவது என்று பாடம் நடத்துகிறாள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மேரி அறுவைதான். ஆனால் இந்த ஒரு தடவை அவள் சொன்னதைக் குறித்து வையுங்கள்.

எட்டாம் படி: 34, 35, 36

36ஆம் அத்தியாயம் வரை வராதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கே நிறுத்திவிட்டுப் போய், படித்துவிட்டு வாருங்கள். 34, 35, 36 மூன்றையும் ஒரே அமர்வில் படியுங்கள், வேறெந்த அத்தியாயத்தையும்விட மெதுவாக.

வந்துவிட்டீர்களா? 34இல் கவனித்திருப்பீர்கள்: டார்சி காதலைச் சொல்லும் முதல் சில வரிகள் மட்டும்தான் அவன் வாயிலிருந்து வருகின்றன. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, உங்களை எவ்வளவு ஆழமாக நேசிக்கிறேன் என்று சொல்ல விடுங்கள் என்று. அதன்பின் ஆஸ்டின் மேற்கோள் குறியை மூடிவிட்டு, அவன் அன்பைப் பற்றிப் பேசியதற்குக் குறையாமல் தன் அந்தஸ்தைப் பற்றியும் பேசினான் என்று தானே தொகுத்துச் சொல்லிவிடுகிறார். காலின்ஸின் பேச்சை முழுக்கக் கேட்கவைத்தவர் இங்கே ஏன் கதவைச் சாத்துகிறார்? உன் குடும்பம் எனக்குக் கீழே என்று ஒருவன் காதல் சொல்லும்போது, அவள் காதில் விழுந்தது முழுப் பேச்சல்ல, குத்திய இடங்கள் மட்டும்தான் என்று நான் நினைக்கிறேன். ஆஸ்டின் நமக்கும் அதையே கொடுக்கிறார்.

இப்போது நோட்டை எடுங்கள். விக்கமின் பக்கம். என் நோட்டில் 16ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு 'நல்லவன், பாவம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். இடப்பக்கம் நான் எழுதியிருந்தது: அழகன், இனிமையாகப் பேசுகிறான். அவ்வளவுதான். வலப்பக்கம், டார்சி அவனுக்குச் செய்த அநியாயம் என்று நிரம்பி வழிந்தது. சொன்னவர் பெயர் என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே பெயர்: விக்கம், விக்கம், விக்கம்.

எலிசபெத் 36ஆம் அத்தியாயத்தில் செய்வது இதே வேலையைத்தான், நோட்டு இல்லாமல். டார்சி கையில் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு விக்கமைப் பற்றிய ஞாபகத்தைப் புரட்டுகிறாள். முந்தின நாள்தான் பார்த்த பெண்ணிடம் ஒருவன் தன் குடும்பக் கதையையெல்லாம் கொட்டினானே, அது முறையா? டார்சியின் அப்பாவின் நினைவுக்காக மகனை அம்பலப்படுத்தமாட்டேன் என்று சொன்னவன், அந்த மகன் ஊரைவிட்டுப் போனதும் ஊரெல்லாம் சொல்லவில்லையா? டார்சிக்குப் பயந்து நான் ஒதுங்கமாட்டேன் என்றவன், நெதர்ஃபீல்ட் நடனத்துக்கு வராமல் போனது ஏன்? இவை ஒன்றும் புதிய தகவல் இல்லை. எல்லாம் நம் கண் முன்னால் அச்சில் இருந்தவை. நாமும்தான் தாண்டி வந்தோம்.

16ஆம் அத்தியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். விக்கம் உயர்ந்த உணர்வுகளைச் சொல்லச் சொல்ல, அவன் முன்னைவிட அழகாகத் தெரிந்தான் என்று எலிசபெத் நினைக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அக்காவிடம் அவள் தரும் ஆதாரம், அவன் முகத்தில் உண்மை இருந்தது என்பது. மூன்றாம் அத்தியாயத்தில் மெரிட்டன் ஊர் டார்சியின் முகத்தை அசிங்கமாக்கியது. இங்கே ஊரைவிடப் புத்திசாலியான பெண் விக்கமின் முகத்தை அழகாக்குகிறாள். வேலை ஒன்றே. அவளே காரணத்தையும் கண்டுபிடிக்கிறாள்: ஒருவன் என்னைக் கவனித்தான், மகிழ்ந்தேன், ஒருவன் புறக்கணித்தான், புண்பட்டேன். மேரி சொன்ன வேனிட்டி. ஆளைச் சரியாக எடைபோடுகிறவள் என்று தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த எண்ணம், அதுதான் அவளுடைய கர்வம். இந்த நிமிஷம் வரை என்னையே எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்கிறாள்.

இதில் ஆஸ்டின் நம்மை ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. டார்சிக்கு அவள்மேல் நாட்டம் வந்துவிட்டதை ஆறாம் அத்தியாயத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார். சீட்டையெல்லாம் விரித்துக் காட்டித்தான் ஆடுகிறார். ஆனாலும் எலிசபெத்தின் பேச்சு அவ்வளவு சுவை; அவள் பக்கம் உட்கார்ந்தே பார்க்கிறோம்.

36க்குப் பிறகு

இனி வேகமாகப் போகலாம், கதையே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு இடங்களில் மட்டும் நில்லுங்கள். ஒன்று, 43ஆம் அத்தியாயம், டார்சியின் பெம்பர்லி மாளிகை. அங்கே வீட்டை நிர்வகிக்கும் ரெனால்ட்ஸ் அம்மாள், நாலு வயதிலிருந்து இவரைத் தெரியும், ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்று டார்சியைப் பற்றிச் சொல்கிறார். இதுவும் வலப்பக்கம்தான் போக வேண்டும்! ஆனால் சாட்சியின் தரம் வேறு: தினமும் அவன் கீழே வேலை செய்தவர், எதையும் எதிர்பார்த்துச் சொல்லாதவர். எலிசபெத் கற்றுக்கொண்டது முகத்தைவிட்டு சாட்சியை எடைபோடுவது.

இன்னொன்று 42ஆம் அத்தியாயத்தின் தொடக்கம். இளமையையும் அழகையும் பார்த்து மயங்கிக் கல்யாணம் செய்துகொண்ட பென்னட்டுக்கு, மனைவியின்மேல் இருந்த அன்பும் மதிப்பும் சீக்கிரமே போய்விட்டது என்று ஒரு பத்தி வரும். நகைச்சுவைத் தம்பதியாக முதல் பக்கத்தில் நாம் சிரித்தவர்கள். நூலகக் கதவு ஏன் சாத்தியே இருக்கிறது என்று அங்கேதான் தெரியும்.

ஷார்லட்டை மறக்கக் கூடாது. 27 வயது, அழகும் சொத்தும் இல்லை. எலிசபெத் மறுத்த காலின்ஸை அவள் ஏற்றுக்கொண்டபோது (அவர் மூன்று நாளுக்குள் இரண்டு பெண்களைக் கேட்டு முடித்திருந்தார்) எலிசபெத்துக்கு அருவருப்பாகவே இருக்கிறது. நானும் நோட்டில் 'விலைபோனவள்' என்று எழுதியிருந்தேன். 30ஆம் அத்தியாயத்தில் ஒரு சின்ன விவரம் வருகிறது: ஷார்லட் தன் அன்றாட இருப்புக்கு வீட்டின் பின்பக்க அறையைத் தேர்ந்திருக்கிறாள். முன்பக்க அறை இன்னும் வசதியானது. ஆனால் பின்பக்கம் என்றால், சாலையைப் பார்த்த தன் அறையை விட்டுக் கணவர் அடிக்கடி எட்டிப்பார்க்கமாட்டார். ஒரு அறைத் தேர்வில் ஒரு முழுக் குடித்தனம். என் தீர்ப்பை அடிக்கவில்லை, பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

படம் எப்போது பார்க்கலாம்

முடித்த பிறகு. பிபிசி 1995இல் ஆறு பகுதிகளாக எடுத்த தொடரும், 2005இல் வந்த படமும்தான் பெரும்பாலானோர் பார்ப்பவை. தொடரில் டார்சி குளத்தில் குதிப்பதும், படத்தில் கொட்டும் மழையில் காதலைச் சொல்வதும் புத்தகத்தில் கிடையாது; புத்தகத்தில் அது ஒரு பாதிரியாரின் வீட்டு அறைக்குள் நடக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், படம் முதல் காட்சியிலேயே நமக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிடும். யார் கதாநாயகன் என்று சுவரொட்டியே சொல்லிவிடும். நாவலில் எலிசபெத்தின் கண்களைத் தவிர மற்றவை அதிகம் சொல்லப்படுவதில்லை. முகத்தைப் பார்த்து முடிவுகட்டுவதைப் பற்றிய கதையை, முகம் இல்லாமல் படிப்பதே நல்லது.

தமிழில் ஆஸ்டினைப் பார்க்க ஆசையானால், 2000இல் ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இருக்கிறது. அது இந்த நாவல் இல்லை, 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'.

இரண்டாம் வாசிப்புக்கு முழு நாவலும் வேண்டியதில்லை. 6 முதல் 11 வரை போதும். என்னைக் கவிழ்த்த அந்தப் பத்தாம் அத்தியாயத்துக்கே போங்கள். டார்சி நடனமாட ஆசையா என்கிறான். எலிசபெத் சிரித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். அவன் திரும்பவும் கேட்கிறான். 'ஆமாம்' என்று சொல்லவைத்து என் ரசனையை மட்டம்தட்டத்தானே கேட்கிறீர்கள், எனக்கு ஆட விருப்பமில்லை, துணிச்சல் இருந்தால் இப்போது மட்டம்தட்டுங்கள் என்கிறாள். "உண்மையிலேயே எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை" என்கிறான் அவன். அவனைச் சீண்டிவிட்டதாக நினைத்திருந்த எலிசபெத் அந்தப் பணிவைப் பார்த்து வியக்கிறாள், ஆனால் அதற்கு மேல் யோசிப்பதில்லை. அந்த அறையில் அதைச் சரியாகப் படித்தவள் ஒருத்திதான்: பியானோ முன்னால் இருந்த மிஸ் பிங்லி. அவளுக்குப் பொறாமை தொடங்கிவிட்டது.